பாட்டுக்கு உண்டு பங்கு

பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடி வட்டாரக் கடற்கரையைப் பார்த்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பைப் பற்றிய தன் குறிப்பில் ஒரு கணக்கை எழுதி வைத்திருக்கிறார். கிடைக்கிற முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு இன்னொருவருக்கு. அந்த இன்னொருவர் கடலுக்குள் குதிப்பதில்லை. படகுக்கு முதல் போடுவதும் இல்லை. மந்திரம் ஓதுவது மட்டுமே அவர் வேலை. அவர் ஓதினால் சுறாவின் வாய் கட்டப்பட்டுவிடும், குளிப்பவன் உயிரோடு மேலே வருவான் என்று எல்லாரும் நம்பினார்கள். பிற்காலத்தில் அவரைக் கடற்கட்டி என்று அழைத்தார்கள். அவர் குரலுக்குத் தரப்பட்டது நாள்கூலி அல்ல, விளைச்சலில் பங்கு.

அதே குறிப்புகளில் 'காயல்' என்ற பெரிய துறைமுக நகரமும் வருகிறது. அது தாமிரபரணி முகத்துவாரத்தில் இருக்கும் பழையகாயலா, சற்றுத் தெற்கே இருக்கும் காயல்பட்டினமா என்று ஆய்வாளர்கள் வாதாடுவார்கள். பெயரைச் சுமந்து இன்றும் செழிப்பாக நிற்பது காயல்பட்டினம்தான்.

இப்போது அந்தக் கரையில் நாள் முழுக்கப் பாட்டு ஒலிக்கிறது. தூத்துக்குடிக்குப் போகும் தனியார் பேருந்தில், ஆறுமுகநேரி டீக்கடையில், திருச்செந்தூர் விடுதியின் வரவேற்பறையில், ஜவுளிக்கடையின் மூன்று மாடிகளிலும் யாரோ எழுதிய சொல்லும் யாரோ போட்ட மெட்டும் கேட்கின்றன. பேருந்தில் கூட்டம் சேர்கிறது, கடையில் வியாபாரம் நடக்கிறது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் பங்கு உண்டா?

சட்டம் உண்டு என்கிறது. 2012ஆம் ஆண்டு முதல், அந்தப் பங்கை அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொல்கிறது. 'பாட்டு போடுவதற்கெல்லாமா காசு?' என்பதுதான் ஊர் கேட்கும் முதல் கேள்வி. சட்டம் சொல்லுகிற பதிலுக்கும் ஊர் கேட்கிற கேள்விக்கும் நடுவில்தான் ஆயிரக்கணக்கான பாடலாசிரியர்களின் வருமானம் சிக்கிக்கொண்டிருக்கிறது.

வள்ளல் போனார், வியாபாரி வந்தார்

பாட்டை நம்பி வாழ்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. காயல்பட்டினத்தில் பிறந்த ஸதகத்துல்லாஹ் அப்பா பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய அரபுக் கவிதைகள் இன்றும் மஜ்லிஸ்களில் ஓதப்படுகின்றன. முருகனுக்கு அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியதுபோல நபிகள் நாயகத்துக்குத் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இதே ஊர்க்காரர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்து மறைந்த எட்டயபுரம் இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அந்தப் புலவர்களுக்குச் சோறு போட்டது வள்ளல்களின் கை. உமறுப்புலவருக்குச் சீதக்காதியும், அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும் இருந்தார்கள். வள்ளல் இறந்துவிட்டால் புலவன் பாடு திண்டாட்டம். காவியம் பாதியில் நிற்கும். புலவன் அடுத்த வாசலைத் தேடி நடக்க வேண்டும். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று தமிழ்நாடே சொல்லிச் சொல்லி வியந்ததற்குக் காரணம், செத்தபின் கொடுப்பவர் வேறு யாரும் இல்லை என்பதுதான்.

வள்ளல்கள் போனபின் அச்சகம் வந்தது, கிராமபோன் வந்தது, வானொலியும் பேசும் படமும் வந்தன. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியின் பாடல்களுக்கு நேர்ந்தது அந்தக் காலத்தின் கதை. 1921இல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து எழுத்து மட்டுமே. மனைவி செல்லம்மா அதைப் பதிப்பிக்கப் போராடினார். பின்னர் நூல்களின் உரிமை பாரதியின் தம்பி விசுவநாத ஐயரிடம் போனது. 1934இல் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையையும் ஒலிபரப்பும் உரிமையையும் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகர் சில நூறு ரூபாய்க்கு வாங்கினார். சென்னைக்கு அப்போது அகில இந்திய வானொலி வந்திருக்கவில்லை. தமிழ்ப் பேசும் படத்துக்கு மூன்று வயது. அந்த உரிமை நாளை எவ்வளவு பெறும் என்று விற்றவருக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1946இல், ஏவி. மெய்யப்ப செட்டியார் அதே உரிமையை ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினார். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி ஒலித்தார். படம் ஓகோவென்று ஓடியது. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது மெய்யப்ப செட்டியாரின் ஏவி.எம். நிறுவனம் உரிமைப் பிரச்சினை எழுப்பியது. நாட்டுக்குப் பாடியவரின் பாட்டு ஒரு தனியார் கையிலா என்று தமிழ்நாடு கொதித்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு உரிமைகளை எடுத்துக்கொண்டது. மெய்யப்ப செட்டியார் பணம் வாங்காமல் தன் உரிமையைக் கொடுத்தார். விசுவநாத ஐயருக்கும், செல்லம்மாவுக்கும், இரண்டு மகள்களுக்கும் அரசு பணம் கொடுத்தது.

இந்தக் கதையைத் தமிழர்கள் பெருமையோடு சொல்வார்கள். பெருமைக்கு இடம் உண்டுதான். ஆனால் அதற்குள் ஒரு கசப்பான கணக்கும் இருக்கிறது. 1934க்கும் 1946க்கும் நடுவில் உரிமையின் விலை பல மடங்கு ஏறியது. ஏறிய விலையில் பாரதியின் மனைவி மக்களுக்கு ஒரு காசும் இல்லை. பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பங்கு படைத்தவரின் வீட்டுக்குப் போயிருந்தால், செல்லம்மா அரசின் கருணைக்குக் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

நூறு ரூபாய் பிரியும் விதம்

அப்படி ஓர் ஏற்பாடு உலகத்தில் அப்போதே இருந்தது. 1847இல் பாரிஸ் நகரத்து அம்பாசதேர் உணவு விடுதியில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். விடுதியில் அவர் படைப்பையே பாடிக்கொண்டிருந்தார்கள். குடித்ததற்குப் பணம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். 'என் பாட்டை நீங்கள் இலவசமாக எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் பானத்தை நான் எடுத்துக்கொண்டேன்' என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு நீதிமன்றம் போனது, பூர்ஷே ஜெயித்தார். 1851இல் பிரான்சில் பாடல் படைப்பாளிகளின் சங்கம் பிறந்தது. 1914இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதேபோன்ற சங்கங்கள் வந்தன. 'சாப்பாட்டுக்குத்தான் காசு வாங்குகிறோம், பாட்டுக்கு அல்லவே' என்று நியூயார்க் உணவகம் ஒன்று வாதாடியபோது, 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. பாட்டால் லாபம் இல்லையென்றால் உணவகம் அதை வைத்திருக்காது என்பது அவர் கண்ட உண்மை. தூத்துக்குடி ஜவுளிக்கடைக்கும் அது பொருந்தும்.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். எனும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம். தலைமையகம் மும்பை. ஒரு பாடலாசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பேருந்திலும் விடுதியிலும் கைநீட்ட முடியாது. ஆகவே உறுப்பினர்கள் தங்கள் உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைக்கிறார்கள். வானொலி நிலையம், தொலைக்காட்சி, விடுதி, கடை, கச்சேரி ஏற்பாட்டாளர், யூடியூப், இணையப் பாட்டுச் செயலிகள் ஆகியவற்றிடம் சங்கம் உரிமக் கட்டணம் வாங்கி, செலவு போக மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிறது.

ஒரு பாட்டின் கணக்கில் நூறு ரூபாய் சேர்ந்தால், வழக்கமான பிரிவினையில் ஐம்பது ரூபாய் உரிமையை வாங்கி வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கு. இருபத்தைந்து இசையமைப்பாளருக்கு. இருபத்தைந்து பாடலாசிரியருக்கு. உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு நிறுவனத்தின் ஐம்பதும் சேரும்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். பாட்டு என்று நாம் ஒன்றாகச் சொல்வதில் சட்டம் மூன்று அடுக்குகளைப் பார்க்கிறது. சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஸ்டுடியோவில் பதிந்த ஒலிப்பதிவு ஒன்று. முதல் இரண்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். வசூலிக்கிறது. ஒலிப்பதிவுக்கு இசை நிறுவனங்களின் சார்பில் பி.பி.எல். போன்ற அமைப்புகள் தனியாகக் கேட்கின்றன. பாடகர்களுக்கு வேறு சங்கம். 'ஒரே பாட்டுக்கு எத்தனை பேர் வந்து ரசீது நீட்டுவீர்கள்?' என்று விடுதிக்காரர்கள் எரிச்சல் அடைவதில் நியாயம் இருக்கிறது. வசூலை எளிதாக்க வேண்டியது சங்கங்களின் கடமை. அதற்காக எழுதியவரின் இருபத்தைந்தை மறுப்பது நியாயமாகாது.

1977இல் தோற்றது, 2012இல் கிடைத்தது

சங்கம் தொடங்கியதுமே திரைப்படத் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். பாட்டுக்கு நாங்கள் மொத்தமாகப் பணம் கொடுத்தாயிற்று, இனி எல்லாம் எங்களுடையது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் பாட்டு எழுத வைத்த தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு சேர்த்தார். காகிதத்தில் எழுதிய இசைக்கு மட்டும் சட்டம் பாதுகாப்பு தந்து, அதற்கு உயிர் கொடுக்கும் பாடகரைக் கைவிட்டிருக்கிறதே என்று வருந்தி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பாடகர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று வரவே 1994 ஆயிற்று. தூத்துக்குடியில் 1927இல் பிறந்த ஜே.பி. சந்திரபாபு 1974இல் காலமானவர். கடைசி நாட்களில் வறுமை அவரை வாட்டியது. அவர் பாடிய பாட்டுகள் இன்றும் பண்பலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குரலுக்கு ஒரு பங்கு கேட்கும் உரிமை அவர் வாழ்ந்த காலத்தில் சட்டப் புத்தகத்திலேயே இல்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் நிலைமை திரும்பியது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினரானார். படைப்பாளிகளின் குறைகளை அவையில் எடுத்துப் பேசினார். 2012 மே மாதம் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. திரைப்படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றாலும், ராயல்டியில் சரிபாதி வாங்கும் உரிமையை மட்டும் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அப்படி எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்கு மட்டும் விலக்கு.

'விட்டுக்கொடுக்க முடியாது' என்ற பூட்டு ஏன் தேவைப்பட்டது? புதிதாக வரும் பாடலாசிரியர் தயாரிப்பாளரின் மேசைக்கு எதிரே உட்காரும்போது, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வர அவரால் முடியாது. ஏ.ஆர். ரஹ்மானால் முடிந்தது. உரிமையைப் பகிர்ந்துகொள்வதில் உடன்பாடு வராததால் 2007இல் வெளிவந்த 'ஓம் சாந்தி ஓம்' படத்திலிருந்து அவர் விலகினார் என்பது அப்போது பரவலாக வெளிவந்த செய்தி. ரஹ்மானுக்கு அடுத்த படம் காத்திருக்கும். முதல் பாட்டுக்கு வாய்ப்புத் தேடி கோடம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு அது முடியுமா? அவருக்காகத்தான் சட்டமே 'முடியாது' என்று சொல்லிவிடுகிறது.

சட்டம் வந்ததும் பணம் கொட்டிவிடவில்லை. சங்கத்தின் நிர்வாகம் இசை நிறுவனங்களின் பிடியில் இருக்கிறது என்ற புகார் நெடுங்காலம் இருந்தது. புதிய சட்டத்தின்படி மறுபதிவு பெறவே 2017 நவம்பர் ஆயிற்று. இப்போது படைப்பாளிகளும் நிறுவனங்களும் நிர்வாகத்தில் சம அளவில் இருக்கிறார்கள். வானொலி நிலையங்களும் எளிதில் இறங்கி வரவில்லை. ஒலிப்பதிவுக்குப் பணம் கட்டுகிறோம், சொல்லுக்கும் மெட்டுக்கும் தனியாக ஏன் என்று வாதாடினார்கள். 2012 திருத்தத்துக்குப் பின் தனியாகத்தான் கட்ட வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2022-23 நிதியாண்டில் சங்கத்தின் வருவாய் 500 கோடி ரூபாயைத் தாண்டியது. இணையத்தில் பாட்டுக் கேட்பது பெருகியதே அதற்குப் பெரிய காரணம். ஒரு தடவை கேட்டால் கிடைப்பது பைசாக் கணக்குதான். லட்சம் தடவை, கோடி தடவை கேட்கும்போது அது வீட்டு வாடகையாகிறது.

கேசட் உறையில் விடுபட்ட பெயர்

இதெல்லாம் சினிமாக்காரர்கள் விவகாரம் என்று காயல்பட்டினத்தில் யாராவது நினைத்தால், சட்டத்தின் அடுத்த வரியை அவர்கள் படிக்கவில்லை என்று பொருள். திரைப்படத்தில் சேராத ஒலிப்பதிவுகளில் இடம்பெறும் சொல்லுக்கும் மெட்டுக்கும் அதே 2012 திருத்தம் அதே பாதுகாப்பைத் தந்திருக்கிறது. திரையரங்க விலக்குக்கூட அங்கே கிடையாது. இஸ்லாமியப் பாடல், முருகன் பாடல், கிறிஸ்தவக் கீதம், கிராமியப் பாட்டு, தனி இசைத் தொகுப்பு எல்லாம் அதில் அடக்கம்.

இந்த ஊருக்கு அது ஏன் முக்கியம் என்றால், தமிழ் இஸ்லாமியப் பாடல் உலகில் காயலுக்குத் தனி இடம் உண்டு. ஊரின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் தாங்கிய காயல் ஏ.ஆர். ஷேக் முஹம்மதுவின் குரல் ஒலிக்காத தமிழ் முஸ்லிம் வீடு எழுபது, எண்பதுகளில் அரிது. மீலாது விழா, கந்தூரி, நோன்புக் கால இரவுகள், திருநெல்வேலி வானொலி, அக்கரையிலிருந்து வந்த இலங்கை வானொலி என்று எங்கும் அந்தப் பாட்டுகள் பரவின. நாகூர் ஹனீபாவோ மதத்தின் எல்லையையும் தாண்டிய குரல்.

ஹனீபாவின் பெயரைத் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் பாடியவற்றிலேயே மிகப் புகழ்பெற்ற, எல்லா மதத்தாரும் உருகிக் கேட்கிற அந்த இறைவேண்டல் பாட்டை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? பக்திப் பாடல் உலகின் பெரிய குறை இதுதான். பாடியவர் பெயரும் படமும் கேசட் உறையில் பெரிதாக இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் சில சமயம் பொடி எழுத்தில் இருக்கும், பல சமயம் இருக்கவே இருக்காது. தொகையும் ஒரே தடவை, மொத்தமாக. கேசட் காலம் முடிந்து குறுந்தகடு வந்தது, அதுவும் முடிந்து எல்லாம் யூடியூபில் ஏறியது. உறையில் விடுபட்ட பெயர் அங்கேயும் விடுபட்டது. பெயர் இல்லாத பாட்டுக்கு வரும் பங்கை எந்தச் சங்கத்தாலும் உரியவரிடம் சேர்க்க முடியாது.

பழைய ஒப்பந்தங்களுக்கு 2012 திருத்தம் எந்த அளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய கேள்வி. ஆனால் எழுத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்காத பாட்டுகள் ஏராளம். வாய்வார்த்தையில் உரிமை மாறாது. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'அந்தக் காலத்தில் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டோம்' என்பது மட்டும் போதாது.

இன்னொரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்திப் படப் பாட்டின் மெட்டில் புதிய சொற்களை ஏற்றிப் பாடுவது பக்திப் பாடல்களில் நெடுநாள் வழக்கம். மெட்டு இரவல் என்றால் மெட்டுக்கான பங்கு அதை உருவாக்கியவருக்கே உரியது. அவர் அனுமதி இல்லாமல் புதுப் பாட்டை வெளியிடுவதே தவறு. தன் சொல்லுக்குப் பங்கு கேட்கிற பாடலாசிரியர், இன்னொருவர் மெட்டுக்கு உள்ள உரிமையையும் மதித்துத்தான் ஆக வேண்டும். இன்று பாட்டு எழுத வரும் இளைஞர்கள் சொந்த மெட்டோடு வருவது நல்லது. கலைக்கும் நல்லது, வருமானத்துக்கும் நல்லது.

கல்யாண வீட்டில் கட்டணம் இல்லை

மாப்பிள்ளை ஊர்வலத்தில் பைத்துப் பாடினால் மும்பையிலிருந்து நோட்டீஸ் வருமா? வராது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு உண்மையான மதச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் அந்த விலக்கில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. இருந்தும் சில இடங்களில் கல்யாண மண்டபங்களிடம் பணம் கேட்ட புகார்கள் எழுந்ததால், 2023 ஜூலையில் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டுத் தெளிவுபடுத்தியது. கட்டணம் வாங்காத கூட்டத்தில் தொழில்முறை அல்லாத குழுவினர் பாடுவதற்கும், மத நிறுவனத்தின் நலனுக்காகப் பாடுவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே மவ்லிது மஜ்லிஸும் நிக்காஹ் வீடும் பயப்பட ஒன்றுமில்லை.

எல்லை எங்கே என்பதில்தான் சண்டை. கோவா அரசு 2024 ஜனவரியில் விலக்கை மேலும் விரிவாக விளக்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியபோது, மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதை ரத்து செய்தது. வீட்டுக் கொண்டாட்டத்தையும் வியாபாரத்தையும் பிரித்துப் பார்ப்பது சிரமமான வேலை இல்லை. நுழைவுச் சீட்டு விற்கும் கச்சேரி, வாடிக்கையாளரை இழுக்கப் பாட்டுப் போடும் கடை, விளம்பரம் விற்கும் வானொலி ஆகியவை கட்ட வேண்டும். கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நியாயம்.

இளையராஜா கேட்டது

தமிழ்நாட்டில் ராயல்டி என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுவந்தவர் இளையராஜா. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டில் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று அவருக்கும் பாடகி சித்ராவுக்கும் இளையராஜாவின் தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. நாற்பதாண்டு நட்பு, ரசிகர்கள் துடித்துப்போனார்கள். பெரும்பாலானோர் ராஜாவைத்தான் திட்டினார்கள்.

அந்தத் திட்டில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருந்தது. அவர் பாடகர்களின் கூலியில் கைவைக்கிறார் என்று பலர் நினைத்தார்கள். கச்சேரிக்கான உரிமக் கட்டணம் கட்ட வேண்டியவர் டிக்கெட் விற்கும் ஏற்பாட்டாளர். அவர் கட்டியிருந்தால் பாடகர் நிம்மதியாகப் பாடலாம், இசையமைப்பாளருக்கும் பங்கு சேரும். நோட்டீஸ் நண்பருக்குப் போனது வருத்தமான முறைதான். கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஆனால் அந்தக் கேள்வியின் இன்னொரு பாதியை 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. இளையராஜாவின் பாடல்கள் பற்றிய மேல்முறையீட்டு விசாரணையில், சொல் இல்லாமல் பாட்டு இல்லையே, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன செய்வது என்று நீதிபதிகள் வினவினார்கள். தமிழில் இந்த விவாதம் எப்போதும் இசையமைப்பாளரைச் சுற்றியே நடக்கிறது. எழுதியவருக்கும் அதே இருபத்தைந்து உண்டு என்பது நீதிமன்றம் நினைவூட்டித்தான் பலருக்குத் தெரிந்தது.

ஹாங்காங்கில் ஒலித்தாலும்

காயல்பட்டினத்துக்காரர்கள் கொழும்பு முதல் ஜித்தா வரை, சிங்கப்பூர் முதல் ஹாங்காங் வரை பரவியிருப்பவர்கள். பாட்டும் அவர்களோடு போயிருக்கிறது. உலகின் படைப்பாளிச் சங்கங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ் வானொலியில் ஒரு தமிழ்ப் பாட்டு ஒலித்தால் அங்குள்ள சங்கம் வசூலித்து, இந்தியச் சங்கத்தின் வழியே உறுப்பினருக்கு அனுப்ப வழி இருக்கிறது. உறுப்பினராக இல்லாதவரின் பங்கு யாருக்கென்று தெரியாமல் கணக்கிலேயே கிடக்கும்.

ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்கள். திரைத்துறையில் இருப்பவர்களுக்குச் சக கலைஞர்கள் சொல்லித்தான் விவரம் தெரிகிறது. கடற்கரை ஊரில் பள்ளி ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருந்துகொண்டு ஐம்பது பாட்டு எழுதியவரிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. சங்கம் மும்பையில் உட்கார்ந்துகொண்டு இணையதளத்தைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. திருநெல்வேலியிலும் நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் தமிழில் பேசக்கூடிய ஆட்களோடு முகாம் போட வேண்டும். சினிமா அல்லாத பாட்டின் பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உரியவர் இன்றிக் கிடக்கிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பதிப்புரிமை படைப்பாளி வாழும் காலம் முழுவதும், அவர் இறந்தபின் அறுபது ஆண்டுகளும் நீடிக்கிறது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் சொற்களின் உரிமை 2041ஆம் ஆண்டு முடிய உயிரோடிருக்கும். பாடலாசிரியர் கா.மு. ஷெரீப் 1994இல் மறைந்தார். அவருடையது 2054 வரை. இறந்த படைப்பாளியின் வாரிசுகளும் உரிய சான்றுகளோடு சங்கத்தில் சேரலாம்.

வாப்பாவோ பெரியப்பாவோ பாட்டு எழுதியவர் என்றால், பரணில் கிடக்கும் கேசட்டுகளை எடுத்து அவர் பெயர் அச்சான உறைகளைப் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்துப் பிரதி, மணியார்டர் ரசீது, நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாமே சான்று. பான் அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் வெளியான பாட்டின் ஆதாரமும் இருந்தால் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். உறுப்பினரானதும் ஒவ்வொரு பாட்டின் தலைப்பையும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்களே அதிகம். இனி புதிய பாட்டுக்கு ஒப்பந்தம் என்று யாராவது காகிதம் நீட்டினால், ராயல்டியை விட்டுத்தருகிறேன் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்த்து, அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பழைய பாட்டுகளை யூடியூபில் ஏற்றும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். ஏற்றும்போது பாடியவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் போடுங்கள். தெரியவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கேட்டால் சொல்வதற்கு இன்றைக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.